பல்செட்டும் இரண்டு கிராமும்

பாப்பாவுக்கு வயது முப்பத்து நாலு. கல்யாண வீடியோ எடுப்பது தொழில். ஆறு மாதம் முன்னதாகச் சொல்லி வைத்தால்தான் அவளிடம் தேதி கிடைக்கும். வெளியில் எல்லோரும் மேடம் என்பார்கள், வீட்டில் மட்டும் இன்னும் பாப்பா. அந்தப் பாப்பா இப்போது அப்பாவின் அலுவலகத்தில், தராசுகள் அடுக்கி வைத்த அறையில், சாத்திய ஜன்னலுக்கும் நிறுத்திய மின்விசிறிக்கும் நடுவே நின்று வியர்த்து வழிந்துகொண்டிருந்தாள்.

"அப்பா, ஃபேனைப் போடுங்கப்பா. செத்துடுவேன்."

"காத்துல எடை பாக்கக் கூடாது" என்றார் அப்பா.

"நான் எடை பாக்கல. கிம்பல் பேலன்ஸ் பண்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

கிம்பல் என்பது வீடியோக்காரர்கள் கையில் பிடிக்கும் கருவி. கீழே ஒரு கைப்பிடி, மேலே மூன்று மடிப்பாக வளைந்த ஒரு கை, மடிப்புக்கு ஒரு மோட்டார். அதன் உச்சியில் கேமராவைப் பூட்டிக்கொண்டு ஓடினாலும் குதித்தாலும் படம் ஆடாது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. மோட்டாரைப் போடுவதற்கு முன்பே கேமரா தன்னால் சமநிலையில் நிற்க வேண்டும். வானத்தைப் பார்க்க விட்டால் வானத்தைப் பார்த்தபடியும், தரையைப் பார்க்க விட்டால் தரையைப் பார்த்தபடியும் அப்படியே இருக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் முன்னே, கால் மில்லிமீட்டர் பின்னே என்று கேமரா உட்காரும் தட்டை நகர்த்தி நகர்த்தி அதைக் கொண்டுவருவதற்குள் நமக்கு நிலை தவறிவிடும். அதைச் செய்யாமல் மோட்டாரைப் போட்டால் கருவி தேனீக்கூடு மாதிரி உறுமும், சூடேறும், படம் நடுங்கும்.

பாப்பா இதை வழக்கமாக நாலு நிமிஷத்தில் முடித்துவிடுவாள். இன்றைக்கு நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. காரணம், உதவிக்கு அப்பா வந்திருந்தார்.

அப்பா எடை ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசும் எடைக்கல்லும் சரியாக இருக்கின்றனவா என்று சோதிப்பது அவர் உத்தியோகம். முப்பத்தாறு வருஷம் அதையே செய்துவிட்டு இன்றோடு ஓய்வு பெறுகிறார். அலுவலகத்தில் அவருக்குத் தராசு என்றே பெயர். அவர் எடை போடாத பொருள் அந்த வீட்டில் கிடையாது. பாப்பா பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் சொன்ன எடையை நம்பாமல், "உங்க தராசு பதினஞ்சு கிராம் திருடுது" என்று நர்சோடு மல்லுக்கு நின்றவர். அந்தப் பதினைந்து கிராமை வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தார்.

அப்படிப்பட்ட மனிதர் வாழ்க்கையில் முதல்முறையாகக் கிம்பலைப் பார்க்கிறார். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று தராசு! அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"பாப்பா, இந்த மேஜை சமமா இல்ல. இடது பக்கம் தாழ்வு."

"பரவாயில்லப்பா."

"எனக்குப் பரவால்ல. அதுக்குப் பரவாயிருக்கே?" என்று சொல்லி, மேஜையின் இடது காலுக்குக் கீழே காகிதத்தை மடித்து மடித்து வைத்தார். எழுந்து பார்த்தால் வலது பக்கம் தாழ்ந்துவிட்டது. மறுபடி குனிந்தார். பாப்பா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுமையாக இருந்தாள்.

பல் என்றதும் ஒன்று சொல்லிவிட வேண்டும். அப்பாவுக்குச் சொந்தப் பல் ஒன்றுகூட இல்லை. மேலும் கீழும் முழு செட். அது புதுசு, ஈறை உரசுகிறது என்று பெரும்பாலும் கழற்றி, ஒரு தட்டையான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருப்பார். பல் இல்லாமல் அவர் பேசினால் அது மனைவிக்கும் மகளுக்கும் மட்டும்தான் புரியும். மற்றவர்களுக்கு ஊறவைத்த துணியை யாரோ பிழிவது போலக் கேட்கும். இங்கே எழுதியிருப்பதெல்லாம் பாப்பாவின் காதில் விழுந்தபடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பல் இருக்கிறதோ இல்லையோ, அப்பா பேசுகிற ஆளும் அல்ல. அலுவலகம், வீடு, சாப்பாடு, தூக்கம். "உம்" என்பார், "சரி" என்பார், மிஞ்சிப்போனால் "இதுல நாலு கிராம் கம்மி" என்பார். ஒரே ஒரு விஷயத்தில்தான் அவருக்கு வாய் திறக்கும். திறந்தால் மூடாது. அது இரண்டு கிராம் விஷயம்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, பெரிய அதிகாரி திடீர்ச் சோதனைக்கு வந்தார். அப்பாவின் பொறுப்பில் இருந்த இருபது கிலோ எடைக்கல்லைத் தராசில் ஏற்றினார். 'இரண்டு கிராம் அதிகம். ஆய்வாளரின் கவனக்குறைவு' என்று ஃபைலில் எழுதினார். கல்லை அன்றைக்கே தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிச் சரிசெய்துவிட்டார்கள். அப்பாவுக்கு அதை இன்னொரு தடவை நிறுத்துப் பார்க்கக்கூட வாய்க்கவில்லை. முந்தின வெள்ளிக்கிழமைதான் அவரே நிறுத்திருந்தார், இம்மி பிசகில்லை. வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவே ஓர் இரும்புக்கல் எப்படி இரண்டு கிராம் சாப்பிட்டுக் கொழுக்கும்? யோசித்து யோசித்து அப்பா கண்டுபிடித்துவிட்டார். பெரிய அதிகாரி நிறுத்தபோது தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. காற்று அழுத்தியிருக்கிறது. எடை பார்க்கத் தெரியாத ஆள், எடை பார்க்கத் தெரிந்த ஆளை ஃபைலில் கவனக்குறைவு என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து சமையலறையில் உட்கார்ந்து அம்மாவிடம் ஆரம்பித்ததுதான். பதினோரு வருஷம், தினமும் சாயங்காலம்.

இன்றைக்கு அதற்குத் தீர்ப்பு நாள். ஓய்வு பெறும் விழாவில் அப்பாவுக்கு ஏற்புரை உண்டு. அந்தப் பெரிய அதிகாரியே தலைமை விருந்தினர். பதினாலு பக்கம் எழுதி வைத்திருந்தார் அப்பா. அதில் முதல் பத்து வரி நன்றி, மிச்சமெல்லாம் மின்விசிறி. மூன்று மாதமாகச் சமையலறையில் ஒத்திகை நடந்தது. வாழ்க்கையில் வேறு எதையும் கேட்காத மனிதர், இதைச் சபையில் சொல்லிவிட்டால் போதும், நிம்மதியாகப் போய்விடுவேன் என்றார். போகப்போவது வீட்டுக்குத்தான், ஆனாலும் அவர் சொன்ன விதத்தில் பாப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு ஆட்டம் அசைவு இல்லாமல் எடுத்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

"அவர் மூஞ்சி போற போக்கு நல்லாத் தெரியணும் பாப்பா. ஃபேன்னு நான் சொல்லும்போது கிட்டத்துல காட்டணும்."

மேடைக்கு அருகில் போகாமல் ஒருவருடைய மூஞ்சியைக் கிட்டத்தில் காட்ட நீளமான லென்ஸ் வேண்டும். பாப்பா அதைக் கொண்டுவந்தாள். நீளமான லென்ஸ் கனமானது. கேமராவைத் தட்டின் கடைசி வரைக்கும் பின்னுக்குத் தள்ளியும் மூக்கு கவிழ்ந்தது. பின்பக்கம் கொஞ்சம் எடை ஒட்டினால் நிற்கும். அதற்கென்றே இருக்கும் குட்டி எடைத்துண்டு வீட்டில் சாப்பாட்டு மேஜை மேல் பத்திரமாக இருந்தது.

"எவ்வளவு வேணும்?" என்றார் அப்பா. கண்ணில் ஒரு வெளிச்சம் வந்துவிட்டது.

"ஒரு அறுபது கிராம் இருந்தாப் போதும்."

"ஒரு அறுபதுன்னா? அறுபதா, ஒரு அறுபதா?"

பாப்பா சுற்றிலும் பார்த்தாள். அலமாரி நிறைய எடைக்கல். ஐம்பது கிராம், பத்து கிராம், ஐந்து கிராம் எல்லாம் வெல்வெட்டுப் பெட்டியில் பளபளவென்று படுத்திருந்தன. அவள் கை நீட்டியதும் அப்பா குறுக்கே பாய்ந்தார்.

"தொடாத! வெறுங்கை பட்டா வேர்வை ஒட்டும். டேப் போட்டா பசை ஒட்டும். அப்புறம் அது எடைக்கல்லா? கூழாங்கல்லு. அதோட, காலையில எல்லாத்தையும் கையெழுத்துப் போட்டு ஒப்படைச்சாச்சு. இனிமே அது என்னுது இல்ல."

அந்த நேரம் பார்த்து அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "என்ன பண்றீங்க ரெண்டு பேரும்? அங்க எல்லாரும் வந்தாச்சு. அந்தப் பெரிய ஆபீஸர் கார் கூட வந்துடுச்சு."

"அம்மா, உன் கைப்பையைக் குடு."

கைப்பை மேஜையில் கவிழ்ந்தது. அதன்பிறகு நடந்ததைப் பாப்பா யாரிடமும் சொல்வதில்லை. அப்பா ஒவ்வொரு பொருளாக உள்ளங்கையில் வைத்து, கண்ணை மூடி, தீர்ப்புச் சொன்னார்.

"சீப்பு, பதினொண்ணு. சாவிக்கொத்து, எழுபத்தாறு. அது தொங்கும், ஆடும், ஆகாது. மூக்குக்கண்ணாடிக் கூடு, நாற்பத்தெட்டு. நீளம் அதிகம். மாத்திரை அட்டை, ஆறு... இல்ல, ரெண்டு மாத்திரை முழுங்கியிருக்க. அஞ்சு."

"என் மாத்திரைக் கணக்கெல்லாம் சபையில சொல்லணுமா?" என்றாள் அம்மா.

"ரெண்டு பேட்டரி இருக்குப்பா" என்று பாப்பா இழுத்தாள்.

"உருண்டை. உருளும். தட்டையா, சின்னதா, அசையாததா வேணும்." அப்பா தன் சட்டைப் பையைத் தடவினார். தடவிய கை நின்றது. மெதுவாக டப்பாவை வெளியே எடுத்தார். "மேல் செட்டு பத்தொம்பது. கீழ் செட்டு பதினாறு. டப்பா இருபத்தெட்டு. ஆக மொத்தம் அறுபத்து மூணு."

பாப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்பா, அது உங்க பல்லு."

"தெரியும். என் வாயில வச்சுத்தான் பாத்தாங்க."

"பேசும்போது வேணுமேங்க" என்றாள் அம்மா.

அப்பா நிகழ்ச்சி நிரலைப் பிரித்துக் காட்டினார். வரவேற்பு, வாழ்த்துரைகள், தலைமை விருந்தினர் உரை, சாப்பாடு. அதற்கும் பிறகு, கடைசியில், ஏற்புரை. "சாப்பாட்டு நேரத்துல கழட்டிக்கலாம். அதுக்குள்ள முக்கால்வாசி எடுத்திருப்பா. அச்சடிச்ச பேப்பர், மாறாது."

பாப்பா டப்பாவைக் கேமராவின் பின்பக்கம் வைத்துப் பிடித்தாள். பிடித்த பிடியில் அவளுக்கே புல்லரித்தது. லென்ஸை வானத்தைப் பார்க்க விட்டாள், நின்றது. தரையைப் பார்க்க விட்டாள், நின்றது. பக்கவாட்டில் சாய்த்தாள், சாய்ந்தபடியே நின்றது. இத்தனை வருஷத் தொழிலில் அவள் இப்படி ஒரு சமநிலையைப் பார்த்ததே இல்லை. அப்பா கிட்டே வந்து, மூச்சைக் கூட அந்தப் பக்கம் திருப்பி விட்டு, ஐந்து நிமிஷம் அதையே பார்த்தார்.

"டேப்பை நான் சுத்தறேன்" என்றார்.

அவர் கையால் ஒரு சுற்று, இரண்டு சுற்று. எடை அசையக் கூடாது என்று மூன்றாவது சுற்று. ஏழாவது சுற்றில் பாப்பா டேப்பைப் பிடுங்கிக்கொண்டாள். அதற்குள் டேப்பின் எடையைக் கணக்கில் சேர்க்கவில்லையே என்று அப்பா பதறிப்போனார். பாப்பா தட்டைக் கால் மில்லிமீட்டர் முன்னே நகர்த்தி அதையும் சரிக்கட்டினாள். மோட்டாரைப் போட்டாள். ஒரு சத்தம் இல்லை.

விழா ஆரம்பித்தது. பாப்பா கூடத்தின் பின்பக்கத்திலிருந்து மெல்ல நடந்து வந்தாள். நாற்காலிகளுக்கு நடுவே, தலைகளுக்கு மேலே, மேடையைச் சுற்றி வளைந்து, படம் எண்ணெயில் வழுக்குவது போலப் போனது. தலைமை எழுத்தர் மைக் பிடித்து வரவேற்றார். ஒருவர் மாற்றி ஒருவர் வாழ்த்தினார்கள். அப்பா மாலையும் கழுத்துமாக வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்த்தவர்கள் மனுஷன் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார் என்று நினைத்தார்கள். பெரிய அதிகாரி பேசினார், கைதட்டு வாங்கினார், உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவருடைய செல்போன் அடித்தது. கேட்டுவிட்டுத் தலைமை எழுத்தரின் காதில் ஏதோ சொன்னார்.

தலைமை எழுத்தர் மைக்குக்கு வந்தார். "நம்ம சாருக்கு அவசர வேலை வந்துடுச்சு. பத்து நிமிஷத்துல கிளம்பணும். அதனால சாப்பாட்டுக்கு முன்னாடியே ஏற்புரையை வச்சுக்குவோம். தராசு சார், வாங்க!"

பாப்பாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. லென்ஸ் வழியாக அப்பாவின் முகம் திரை முழுக்கத் தெரிந்தது. கை தன்னால் சட்டைப் பைக்குப் போனது, பை காலி. கண்கள் கூடத்தைத் துழாவி, கடைசியில் நேராக லென்ஸுக்குள் வந்து நின்றன. அவள் இடது கையால் டேப்பின் நுனியைத் தேடினாள். ஏழு சுற்றில் நுனி எங்கே இருக்கிறது? நகத்தால் சுரண்டியதும் கேமரா லேசாகத் தலையாட்டியது.

மேடையிலிருந்து அப்பா வேகவேகமாகக் கையை ஆட்டினார். எடுக்காதே, எடுக்காதே. பல் இல்லாமல் சபையில் நிற்பதைவிட, அந்தச் சமநிலை கெடுவதை அவரால் தாங்க முடியாது போலிருக்கிறது. அப்புறம் சட்டென்று முன்வரிசையில் இருந்த அம்மாவைக் கூப்பிட்டு, பதினாலு பக்கத்தையும் அவள் கையில் திணித்தார்.

"நானா?" என்றாள் அம்மா.

"உனக்குத்தான் மனப்பாடமாத் தெரியுமே. படி. அவர் போயிடப் போறார்."

"அவருக்குத் தொண்டை சரியில்ல" என்று அம்மா மைக்கில் சொன்னாள். "நான் படிக்கறேன்."

முதல் பத்து வரி நன்றியை அம்மா விறுவிறுவென்று படித்தாள். பதினோராவது வரியில் குரல் இறங்கியது. "பதினோரு வருடங்களுக்கு முன்பு, ஒரு திங்கட்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு..." கூடத்தில் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அம்மா வரிக்கு வரி தடுமாறினாள். "இரும்பு எடைக்கல் இரண்டு கிராம் கூடுதலாக இருப்பதாக ஃபைலில் எழுதப்பட்டது. எழுதியவர் இங்கே அமர்ந்திருக்கிறார். அவரை நான் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். அன்று உங்கள் தலைக்கு மேலே ஃபேன் ஓடியதா, இல்லையா?"

இதற்காகத்தான் அந்த லென்ஸ். பாப்பா பெரிய அதிகாரியின் முகத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்தாள். ஒரு மயிரிழை ஆட்டம் இல்லை.

அந்த முகத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. கோபம் இல்லை, வெட்கம் இல்லை. அவர் பக்கத்தில் இருந்த தலைமை எழுத்தரிடம் திரும்பினார்.

"எந்த ரெண்டு கிராம்?" என்றார்.

கிண்டலாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையாகவே ஞாபகம் இல்லை. அந்த மாதிரி எத்தனை ஃபைலில் எத்தனை கிராம் எழுதியிருப்பாரோ! பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இன்னொருவர் சேர்ந்துகொண்டார்.

பாப்பா கேமராவை அப்பா பக்கம் திருப்பினாள். திருப்பியிருக்கவே கூடாது. பதினோரு வருஷம் ராத்திரி பகலாகச் சண்டை போட்ட ஆளுக்கு, எதிராளி அந்த மைதானத்துக்கே வந்ததில்லை என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? அப்பாவின் கன்னம் உள்ளே ஒடுங்கிப்போய், கழுத்து மாலை பெரிதாகத் தெரிந்தது. இவ்வளவு தெளிவாக எடுக்கிற கருவியைக் கொண்டுவந்ததற்காகப் பாப்பா தன்னையே திட்டிக்கொண்டாள்.

அம்மாவும் அப்பாவைப் பார்த்தாள். காகிதத்தை மடித்தாள்.

"சிரிக்காதீங்க" என்றாள் மைக்கில். "ரெண்டு கிராம் இருந்துச்சு சார். நீங்க எழுதினது நிஜம்தான். ஆனா இவர் மேல தப்பு இல்ல. நான்தான் ஏத்தினேன்."

சிரிப்பு நின்றது.

"அந்தச் சனி ஞாயிறு கல்லு எங்க வீட்டுல இருந்துச்சு. திங்கக்கிழமை நேரா ஒரு கடைக்குப் போகணும்னு கொண்டாந்திருந்தார். ஒரு ஓரத்துல துருப்பிடிச்சிருந்துச்சு. துரு, துருன்னு புலம்பிக்கிட்டே இருந்தார். சரி, நம்மாலானது செய்வோம்னு ஞாயித்துக்கிழமை அவர் தூங்கும்போது பெயிண்ட் அடிச்சுட்டேன். அவர் சந்தோஷப்படுவார்னு பாத்தேன். காலையில திடீர்ச் சோதனைன்னு ஆபீஸுக்கு ஓடின அவசரத்துல அவர் அதைக் கவனிக்கவே இல்ல. பத்து நாற்பதுக்கு நீங்க கவனிச்சுட்டீங்க."

எடை ஆய்வாளரின் மனைவி எடைக்கல்லுக்குப் பெயிண்ட் அடித்த கதை அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் உடனே விளங்கிவிட்டது. முப்பது ஆய்வாளர்கள் ஒரே நேரத்தில் தலையில் கை வைத்தார்கள்.

அப்பா எழுந்தார். மைக்குக்கு நேராக வந்து, அம்மாவைப் பார்த்து ஏதோ கேட்டார். ஒலிபெருக்கி முழுக்க ஈரத்துணி பிழியும் சத்தம்.

"என்ன சொல்றார்?" என்றார் பெரிய அதிகாரி.

பாப்பாதான் கேமராவுக்குப் பின்னாலிருந்து கத்தினாள். "ஏன் இத்தனை வருஷமா சொல்லலன்னு கேக்கறார் சார்!"

அம்மா காகிதத்தை இன்னொரு மடிப்பு மடித்தாள்.

"முதல் நாள் சொல்லத்தான் நினைச்சேன்" என்றாள். "நீங்க சமையக்கட்டுல வந்து உக்காந்தீங்க. கல்யாணம் ஆகி அத்தனை வருஷத்துல நீங்க அங்க வந்து உக்காந்ததே இல்ல. ரெண்டு மணி நேரம் பேசினீங்க. மறுநாளும் வந்தீங்க. நான் சொல்லியிருந்தா அன்னைக்கே விஷயம் முடிஞ்சிருக்கும். அப்புறம் எங்கிட்ட எதைப் பத்திப் பேசியிருப்பீங்க?"

பதினோரு வருஷமாகத் தினமும் சாயங்காலம் சமையலறை வழியாகப் போகும்போது பாப்பா அம்மாவின் குரலைக் கேட்டிருக்கிறாள். காய் நறுக்கிக்கொண்டே, "அப்புறம் நீங்க என்ன சொன்னீங்க? அதுக்கு அவர் என்ன சொன்னார்?" என்று புதுசாகக் கேட்பது போலக் கேட்பாள். அம்மாவுக்கு ஞாபகமறதி வந்துவிட்டதோ என்று பாப்பா ஒரு தடவை டாக்டரிடம் கூட விசாரித்திருக்கிறாள். எவ்வளவு பெரிய மக்கு நான் என்று இப்போது தோன்றியது.

பெரிய அதிகாரியின் டிரைவர் கதவோரம் வந்து எட்டிப் பார்த்தார். அதிகாரி கையைக் காட்டி, இரு என்றார்.

அப்பா ஏதோ கேட்டார்.

"என்ன பெயிண்ட்டுன்னு கேக்கறார்!" என்றாள் பாப்பா.

"ஜன்னல் கம்பிக்கு வாங்கினதுல மிச்சம். கறுப்பு."

மறுபடி ஒரு பிழியல்.

"எத்தனை கோட்டுன்னு கேக்கறார்!"

"ரெண்டு."

அப்பா விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். முகம் தெளிந்தது. பெரிய அதிகாரியின் பக்கம் திரும்பி இரண்டு கையையும் கூப்பினார். பாப்பா அதை வார்த்தைக்கு வார்த்தை சொன்னாள். "கோட்டுக்கு ஒரு கிராம், ஆக ரெண்டு. உங்க கணக்கு சரி சார். ஃபேனைச் சந்தேகப்பட்டது என் தப்பு. பதினோரு வருஷமா உங்களைத் திட்டினதுக்கு மன்னிச்சுக்குங்க."

"என்னையா? தினமுமா?" என்றார் பெரிய அதிகாரி.

"ஞாயித்துக்கிழமை ரெண்டு வேளை" என்றாள் அம்மா.

கூடம் அதிர்ந்தது. பெரிய அதிகாரியே வாய்விட்டுச் சிரித்துவிட்டார். செல்போனை எடுத்து யாருக்கோ, கொஞ்சம் லேட்டாகும் என்றார்.

அப்பா இதையெல்லாம் கவனித்ததாகத் தெரியவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து அம்மாவுக்குப் போட்டார். இன்னொன்றைப் பக்கத்தில் இழுத்துத் தான் உட்கார்ந்துகொண்டு, மைக்கைப் பற்றிய நினைப்பே இல்லாமல் கேள்விமேல் கேள்வியாகக் கேட்க ஆரம்பித்தார். பிரஷ் எவ்வளவு அகலம், முதல் கோட் காய எத்தனை மணி நேரம் விட்டாள், துருவைத் தேய்த்துவிட்டு அடித்தாளா, அப்படியே அடித்தாளா. அம்மா கையை அசைத்து அசைத்துப் பதில் சொன்னாள். பாப்பா மொழிபெயர்த்து மொழிபெயர்த்துக் களைத்துப்போனாள். தோள் கடுத்தது. ஆனாலும் கேமராவை இறக்க அவளுக்கு மனசு வரவில்லை. சிரிப்பும் அழுகையுமாக அவள் உடம்பு குலுங்கிக்கொண்டிருந்தது, படம் மட்டும் ஆடவில்லை.

நடுவில் அப்பா ஒன்று சொன்னார். அதைப் பாப்பா மொழிபெயர்க்கவில்லை. "என்ன, என்ன?" என்று முன்வரிசையில் கேட்டார்கள். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"நாளையிலேர்ந்து வீட்டுலதான இருக்கப் போறேன்" என்றார் அப்பா. "சாயங்காலம் வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? காலையிலேயே வந்து உக்காந்துடறேன்."

"வேலை கெட்டுது போங்க" என்றாள் அம்மா. மைக் அவள் வாய்க்கு நேராக இருந்ததால் அது கூடம் முழுக்கக் கேட்டது.